பதினோராம் பக்கத்துப் பை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதி வரைந்த படப் புத்தகம் போன வாரமே வந்துவிட்டது. சலவைக்கடையில் ஆள் குறைவு, இஸ்திரிப் பெட்டியை விட்டு நகர முடியவில்லை. பதில் தாமதமானது அதனால்தான் என்று வைத்துக்கொள்.

பள்ளிக்கூடம் போக நீ போட்ட சண்டையை என் மகள் நாலு தரம் படித்துவிட்டாள். பதினோராம் பக்கம் வந்ததும் தாத்தாவை முறைக்கிறாள். பரீட்சை நாளில் உன் பையை ஒளித்துவைத்த அப்பா, அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிற படம்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மீசை நல்லா வந்திருக்குல்ல?" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு நீ ஓடிவிட்டாய். அது அவர் கைக்கு எப்படி வந்தது என்று நீ கேட்கவே இல்லை. அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்து அவர்தான் தேடி எடுத்தார்.

மூட்டையைக் கட்டியவள் நான்.

அம்மா போனபின் என் படிப்பை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் உன் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தது நான்தான். ஒருநாளாவது நீயும் வீட்டில் கிட என்று தோன்றிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். என்னை நிறுத்தியவர் எந்த வாயால் திட்டுவார்?

மறுபதிப்பு வருகிறதாமே. அந்தப் படத்தை மாற்றிவிடு. மீசையை எடுத்துவிட்டு ரெட்டைச் சடை போடு. வயது பதிமூன்று. மறந்தும் சீருடை மாட்டிவிடாதே.

உன் அக்கா