மாலை மறைத்த சிவப்பு அட்டை

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் குருவுக்கு, கூச்சிங்கில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகப் படிக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத முடியவில்லை. மருத்துவமனையில் படுத்தபடி நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மலர்விழி எழுதுகிறாள், படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வீடியோவில் பேசினால் என் கைகளை நீ பார்த்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஆயுத பூஜையன்று காலையில் தொழிற்சாலை மெயின் சுவிட்ச் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நானே மாலை போட்டேன். மதியம் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்து, ஆள் வேலை செய்கிறார் என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். பூட்டும் போட்டிருக்க வேண்டும், அதுதான் விதி. பூஜை போட்ட பெட்டியை அன்றைக்கே பூட்ட மனம் வரவில்லை. மாலை சரிந்து அட்டையை மறைத்திருக்கிறது. என்னோடு வேலை செய்யும் கன்னையா வந்து சுவிட்சைப் போட்டுவிட்டான். என் இரண்டு கைகளும் வயரில் இருந்தன. நேற்று வந்து, பூவுதாண்ணே தெரிஞ்சுது, கார்டு தெரியல லா என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது.

மேலே தோல் கொஞ்சம்தான் கருகியிருக்கிறது, கரண்ட் உள்ளே சதையையும் நரம்பையும் வேகவைத்துவிட்டதாம். வியாழக்கிழமை வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்கிறார்கள். இடது கையில் இரண்டு விரல் அசைந்தால் பெரிது என்கிறார் டாக்டர். சோறு ஊட்ட ஆள் வந்தாச்சு, இனி நீ ராஜாதான் பாஸ் என்று பக்கத்துக் கட்டில்காரர் கேலி செய்கிறார்.

மேலாளர் தியாகராஜன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். உங்க இடத்துக்கு மகனை எடுத்துக்கிறோம் அண்ணே, லீவுல உங்களோட வயர் இழுத்தவன்தானே, பழக்கிடலாம் என்றார். ஆசிரியர் பயிற்சி முடிய உனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. நீ வராதே. என்னைப் பார்க்கவும் வராதே, பார்த்தால் தங்கிவிடுவாய்.

விடுதியில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, மறக்காதே. நீயும் நீ பாடம் சொல்லப்போகும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சுகுமாறன்

அண்ணா, இது நானாக எழுதுவது. மேலாளர் கிளம்பும்போது அம்மா வராந்தாவில் அவரிடம் சரி என்று சொல்லி, உன் ஐசி அடையாள அட்டை நகலையும் கொடுத்துவிட்டார். எனக்கு வேற வழி தெரியல மலரு, அப்பாகிட்ட சொல்லிடாதே என்றார். அப்பா கண்ணயரும் முன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். நீ வராதே என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டார். வாசித்தேன்.