கழுநீர்ச் சட்டியும் பக்கத்துப் பீட்ரூட்டும்

ஜூலை 7, திங்கள்

விடியும் முன்பே காற்று. கொடித்துணி முழுக்க மணல், தோசை மாவிலும் நறநற. தூத்துக்குடிக்காரிக்கு இதெல்லாம் ஒரு காற்றா என்று ஏப்ரலில் வந்து இறங்கியபோது பெருமை பேசியவள் நான். இந்தக் கற்பிட்டிக் காற்று அதைக் கேட்டுவிட்டது போல.

இவர் இருட்டோடு உப்பளத்துக்கு. இப்போது உப்பு அள்ளும் காலம். அந்த வேலைக்காகத்தானே கடல் தாண்டி இலங்கைக்கு வந்தது.

அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. ஊரில் வாசலில் சட்டி வைத்தால் மாடு வந்து குடித்துவிட்டுப் போகும். இங்கேயும் வைத்தேன். மாடு வரவில்லை, கழுதை வந்தது, குட்டியோடு! இந்த வீதி முழுக்க யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள்தான். மகள் தாரு சீருடையோடு அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஏட்டி, எங்க வீட்டுக் கழுநி நல்லாருக்கா? நாளைக்கும் வருவியா?"

கழுதையோடு இவ்வளவு பேச்சு. பள்ளியில் ஒரு சொல் இல்லை. மதியம் வகுப்பு டீச்சர் மறுபடியும் ஃபோன். "தாரிணிட உம்மாவா? புள்ள எழுத்தெல்லாம் நல்லா செய்றா. வாய் மட்டும் தொறக்குறா இல்லயே. வீட்டிலயும் இப்படித்தானா?"

வீட்டில் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம் என்றேன். அவர் நம்பவில்லை.

முதல் நாள் நடந்ததுதான் காரணம். "மிஸ், தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்றாளாம். வகுப்பே திரும்பிப் பார்த்து, "டீவி நாடகத்துல மாதிரி கதைக்கிறா" என்று சிரித்திருக்கிறது. கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அன்றோடு பூட்டிக்கொண்டாள்.

அக்கா இரவு பேசினாள். பாளையங்கோட்டையில் அவள் வீட்டிலிருந்து படிக்கலாம், பள்ளியில் கேட்டுவிட்டாளாம், இந்த மாதத்துக்குள் சேர்க்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

வாங்க: சீனி, பருப்பு, தாருவுக்குப் பள்ளிக் கொப்பி, விளக்குமாறு (பழையதை இன்று கபரகொய்யா மேல் எறிந்தேன், உடைந்துவிட்டது).

பாத்திரம் கழுவும் இடத்தில் முதலை என்று நினைத்து அலறினேன். பக்கத்துத் தோட்டத்துப் பரீதா ராத்தா (இங்கே அக்காவுக்கு ராத்தா) ஓடி வந்தார். "அது கபரகொய்யா தங்கச்சி. ஒண்டும் செய்யாது. மீன் கழுவின தண்ணிக்கி வாற." ஆள் நீள உடும்பு! அதுவும் அவசரமே இல்லாமல், வீட்டுக்காரர் மாதிரி நடந்து போயிற்று. தாரு சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தாள்.

ராத்தாவின் மகள் ஹஸ்னாவும் தாருவும் ஒரே வகுப்பு, தரம் நான்கு. காலையில் ஹஸ்னா கேட்டில் வந்து கூப்பிடுவாள், இருவரும் நடந்து போவார்கள். ஹஸ்னா பேசிக்கொண்டே, இவள் தலையாட்டிக்கொண்டே. அந்தப் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் தாருவைப் பள்ளிக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா நாள், பள்ளி சீக்கிரம் விட்டது. மழை இல்லை, எங்கும் காய்ந்து கிடக்கிறது. சட்டி போதாமல் பெரிய பேசின் வைத்தேன். இப்போது வாசலில் ஒரு கழுதைக் கூட்டமே. குட்டிகள் முட்டிக்கொள்வதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. புண்ணியம் சேர்ந்துகொண்டே போகிறது என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

புண்ணியமாவது ஒன்றாவது.

குடித்துவிட்டுச் சும்மா போகுமா? விடிகாலையில் பரீதா ராத்தாவின் வேலியைச் சாய்த்து உள்ளே புகுந்திருக்கின்றன. பீட்ரூட் பாத்தியில் ஒரு இலை மிச்சமில்லை. அடுத்த வாரம் பிடுங்கிக் கொடுக்க இருந்தது.

ராத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் ரோட்டோடதானே போச்சி. தண்ணி வெச்சிப் பழக்கினது நீங்க. இஞ்ச ஒருத்தரும் அப்படி வெக்கிற இல்ல, தெரியாதா?"

தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே? "ஊர்க் கழுதைக்கெல்லாம் நானா பொறுப்பு?" என்றேன். ராத்தா கேட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். கத்தியிருந்தால் தேவலை.

இவரிடம் சொன்னேன். "நீ தண்ணி வச்சது தப்பில்ல, சொன்ன பதில்தான் தப்பு." தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

ஜூலை 14, திங்கள்

ஹஸ்னா வரவில்லை. தாரு புத்தகப்பையை மாட்டிக்கொண்டு கேட்டிலேயே நின்றாள். வருவாள், வருவாள் என்று. எட்டிப் பார்த்தால் அந்தப் பிள்ளை முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளையா பலி? எனக்கு என்மேலேயே ஆத்திரம்.

இரவு இவரும் நானும் பேசினோம். அவள் இங்கே வாடுகிறாள், அங்கே சொந்தப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று முடிவு. அக்கா வெள்ளிக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்லச் சொன்னாள். தாருவிடம் சொன்னோம். "சரி" என்றாள். அழவில்லை. நான்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று எழுத நிறைய.

காலையில் டீச்சர் ஃபோன். குரலே சரியில்லை. "நீங்க உடனே வாங்க. தாரிணி வகுப்பில சண்ட." எந்தத் தாரிணி என்று கேட்டுவிட்டேன்.

போனால் பரீதா ராத்தாவும் அங்கே. சின்னப் பிள்ளைகளின் கதிரையில் நாங்கள் இருவரும், முழங்கால் முகவாயில் இடிக்க. ராத்தா என்னைப் பார்க்கவில்லை.

நடந்தது: "தாரிணிட உம்மா கழுத வளத்து எங்கட பீட்ரூட்டத் திங்க உட்டவ" என்று ஹஸ்னா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். தாரு பெஞ்சில் ஏறி நின்று, "எங்கம்மா தண்ணிதாம்ட்டி வச்சா! ஒங்க பீட்ரூட்டத் திங்கச் சொன்னாளா? இத்தன நாளு கூட வந்துட்டு இப்ப மட்டும் விட்டுட்டுப் போற, நீயெல்லாம் ஒரு பிரண்டாட்டி?" இன்னும் நிறைய. டீச்சருக்குப் பாதிதான் புரிந்ததாம். வகுப்பு வாய் பிளந்து நின்றதாம். ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

டீச்சர் கண்டித்துக்கொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பக்கத்தில் ராத்தாவின் தோளும் குலுங்கியது. வெளியே வந்ததும், "மாஷா அல்லாஹ், ஒங்கட மகள்ட வாய்! என்ட மகளுக்குப் பதில் வரல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன். தெரியாமல் வைத்தேன் ராத்தா, அன்று பேசியது தப்பு, மன்னியுங்கள்.

"பீட்ரூட் திரும்ப மொளைக்கும் தங்கச்சி. தண்ணி வெக்கிறதெண்டா ரோட்டுக்கு அங்கால வைங்க. அதுகளுக்கும் தாகம்தானே." சாயங்காலம் இவரும் நியாஸ் நானாவும் வேலியை நிமிர்த்தினார்கள். ராத்தாவின் வீட்டுக்காரர் அவர். நானும் ராத்தாவும் கம்பி கட்டினோம். கையெல்லாம் கீறல்.

படுக்கும்போது தாரு என் சேலையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக: "அம்மா, இனிமே பள்ளிக்கூடத்துல வாயே தொறக்க மாட்டேன். சண்ட போட மாட்டேன். பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிராதம்மா."

அனுப்புவது தண்டனை என்று நினைத்திருக்கிறாள். அந்த "சரி"க்கு அர்த்தம் இதுதானா? பாவி, ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லையே நான். கட்டிக்கொண்டு சொன்னேன்: நீ எங்கேயும் போகவில்லை, தினமும் வாய் திற, வேண்டுமானால் தினமும் சண்டை போடு. "நெசமாவா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத் தூங்கினாள்.

ஜூலை 18, வெள்ளி

காற்று குறைவு. அக்காவுக்கு ஃபோன் செய்து, தாரு வரவில்லை என்றேன். ஏன், என்ன ஆச்சு என்று பதறினாள். வகுப்பில் பெஞ்சில் ஏறி நின்று சண்டை போட்டுவிட்டாள் என்றேன்.

"அதுக்காடி இப்படிச் சிரிக்க?"

பதில் சொல்லுமுன் கேட்டில் ஹஸ்னா. வாசல் தாண்டவில்லை, அதற்குள் யார்மேல் தப்பு என்று இரண்டும் ஆரம்பித்துவிட்டன. ஃபோனை வாசல் பக்கம் நீட்டினேன், அக்காவும் கேட்கட்டும் என்று. வீதி வளைவு வரைக்கும் தாருவின் குரல்தான்.