உங்கள் படகில் என் கால்

அப்பா,

இன்று அலுமாரியைத் துடைக்கும்போது அந்த நீலக் கயிற்றுத் துண்டு கையில் அகப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். உப்பு இன்னும் போகவில்லை. உப்பு மணந்தால் எனக்கு மஞ்சள்தண்ணியும் மணக்கும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நீங்கள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பெட்டியைத் தருவதற்காக, திருகோணமலைத் துறையில் நின்ற உங்கள் மீன்பிடிப் படகில் ஒரு காலை வைத்தேன். ஒரே ஒரு கால். பெண் மிதித்தால் படகுக்கு ஆகாது என்று எங்கள் கரையில் எல்லோரும் நம்பினார்கள். அடுத்த நாள் உங்கள் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது.

"மூதேவி, ஏறாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

சனம் பார்த்துக்கொண்டிருக்க, தீட்டுக் கழியப் படகைக் கழுவ என்னைக் கொண்டே மஞ்சள்தண்ணி கரைக்க வைத்தீர்கள். ஊற்ற விடவில்லை. வாளியைத் தூரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்கச் சொன்னீர்கள்.

போன வருடம் கோடை தொடங்கும்போது, இத்தாலியில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் போனேன். தன் பாய்ப்படகில் மத்தியதரைக் கடலின் ஒரு சின்னத் தீவுக்குக் கூட்டிப்போனாள்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறடி."

என் முகம் செத்துப்போயிற்று. "என்ர கால் பட்டால் ஆகாதோ?"

"விசரி, படகின்ர மேல்தட்டுக் கீறுப்படும். அதுக்குத்தான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

பின்னேரம் தீவின் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். எங்கள் உள்துறைமுகம் போலவே மூன்று பக்கமும் மலை. கரையில் வெள்ளை வீடுகள், கொடியில் காயும் கணவாய். சுக்கானை என் கையில் தந்தாள். இரண்டு படகுகளுக்கு நடுவே, எதிலும் முட்டாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். நான் கட்டிய நீலக் கயிற்றிலேயே ஒரு துண்டு வெட்டித் தந்தாள்.

நான் சுக்கான் பிடித்து நிற்பதை அவள் எடுத்த படத்தோடு, ஊர் திரும்பி, நோயில் கட்டிலோடு கிடந்த உங்களிடம் வந்தேன். ஒரு நல்ல சொல் கேட்கத்தான். நெடுநேரம் பார்த்தீர்கள்.

"நல்ல படகு," என்றீர்கள். எனக்குக் கண் நிறைந்தது.

"கடலில எப்ப தாழுமாம்?" என்று அடுத்துக் கேட்டீர்கள்.

நீங்கள் என்னோடு கதைத்த கடைசிக் கதை அதுதான். அதிலிருந்து மூன்றாம் கிழமை போய்விட்டீர்கள்.

சாம்பல் கரைக்கத் தம்பி உங்கள் படகைத் தள்ளினான்.

"அக்கா, நீங்கள் கரையில நில்லுங்கோ. அப்பாவுக்குப் பிடிக்காது."

"அப்பா இந்தச் சட்டிக்குள்ளதான் இருக்கிறார். அவரே சொல்லட்டும்."

ஏறினேன். இரண்டு காலையும் அழுத்தி வைத்து ஏறினேன். உங்களை மடியில் வைத்திருந்தேன். நீங்கள் பேசாமல் வந்தீர்கள்.

துறைமுக வாயைத் தாண்டியதும் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. தம்பி என் கால்களைப் பார்த்தான். எண்ணெய் முடிந்திருந்தது, நிரப்ப மறந்தது அவன்தான். அது தெரியவரச் சில நிமிடங்கள் ஆயின. அதற்குள் நானும் குனிந்து என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா.

உங்கள் சாம்பல் அன்றே கரைந்துவிட்டது. இப்போதும் நிலாவெளிக் கடற்கரையில் யாராவது படகு இறக்கினால், ஒருவரும் சொல்லாமலே, நான் நாலடி தள்ளிப்போய் நிற்கிறேன்.