மஞ்சள் மேல் ஏறாத பச்சை

அன்பு மகள் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் இருமல் குறைந்ததா? போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். வருகிற வியாழக்கிழமை ரயில் விபத்து விசாரணை. அதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று குரியரில் அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பாஸ்டல் வண்ணக் குச்சிப் பெட்டி வந்து மூன்று வாரமாகிறது. படம் வரைந்தால் மனசு லேசாகும் என்று டாக்டர் சொன்னதை அப்பா முதலில் நம்பவில்லை. "ரயில் ஓட்டின கையில சாக்பீஸைக் கொடுத்துட்டா உன் மக" என்றார். பென்சில் மாதிரி அழுத்திப் பிடித்து முதல் நாளே மூன்று குச்சிகளை உடைத்தார். உதிர்ந்த தூளை வாயால் ஊதினார், நான் மடித்து வைத்திருந்த துணியெல்லாம் நீலம். திட்டினேன். பிறகு நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஊதக்கூடாது, அட்டையைச் சாய்த்துத் தட்ட வேண்டும். காகிதத்தின் சொரசொரப்பான பக்கத்தில்தான் வரைய வேண்டும். அடர்ந்த நிறம் முதலில், வெளிச்சம் கடைசியில். டம்ளரை வரைந்தார், என் செருப்பை வரைந்தார். விபத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரு மதியம் நன்றாகத் தூங்கினார், மூக்கு நுனியில் ஊதா நிறத்தோடு. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

போன செவ்வாய் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து தண்டவாளத்தை வரைந்தார். எஞ்சினுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி. கீழே கண்ணாடியின் வைப்பர்கூட இருந்தது. விபத்து நடந்த அந்த வளைவு, அந்தத் தண்ணீர்த் தொட்டி. கடைசியாக சிக்னல் விளக்கு. பெட்டியைப் பார்க்காமலே கையை நீட்டி ஒரு குச்சியை எடுத்து, வட்டமாக ஒரு அழுத்து அழுத்தினார். மஞ்சள்.

அவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் பச்சை என்று இருப்பது உனக்குத் தெரியும். மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்பதற்குத் தயாராக வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அவர் பச்சை என்று சொன்னதால்தான் சிக்னலில் பழுது என்று அதைப் பராமரிக்கும் மெக்கானிக்கை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அப்பாவின் ரயில் போய் மோதிய, முன்னால் நின்ற வண்டியின் கார்டு இன்னும் காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பச்சைக் குச்சியை எடுத்து மஞ்சள் மேல் தேய்த்தார். ஏறவில்லை, வழுக்கியது. இன்னும் அழுத்தினார். காகிதத்தின் சொரசொரப்பு நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எந்த நிறமும் பிடிக்காதாம். பச்சைத் தூள் அவர் மடியில் உதிர்ந்தது. "அந்த வளைவுல எனக்கு எப்பவும் பச்சைதான் கிடைக்கும். வாய் பழகிப்போச்சு" என்று படத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள், விபத்தன்று அப்பாவோடு எஞ்சினில் இருந்த உதவி ஓட்டுநர் வந்தார். எஞ்சினில் ஒருவர் சிக்னலின் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நீ சின்னவளாக இருந்தபோது நீயும் அப்பாவும் சாலை சிக்னலில் அதையே விளையாடுவீர்கள். படத்தைப் பார்த்ததும் உதவி ஓட்டுநர் காபியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, நான் அப்போ குனிஞ்சு ஃபிளாஸ்க்கை மூடிட்டிருந்தேன். நீங்க பச்சைன்னீங்க, நானும் பச்சைன்னேன். இதை யாருக்கும் காட்டிடாதீங்க. கையால ஒரு துடை துடைச்சா முடிஞ்சது" என்றார். போகும்போது வாசலில் என்னிடம், "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நேற்று அப்பா குளிக்கப் போனபோது ஈரத்துணியோடு படத்தின் முன்னால் நின்றேன். முப்பத்தொரு வருட வேலை. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. என் கை அசையவில்லை. அவர் வந்து பார்த்தார், கோபிக்கவில்லை. "துடைச்சா காகிதத்துலேர்ந்து போகும். அவ்வளவுதான்" என்றார்.

இன்று காலை, நிறம் உதிராமலிருக்கத் தெளிக்கிற ஸ்பிரே வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். அலமாரி மேல் இருக்கிறது. புதன்கிழமை உன்னிடம் பேசிவிட்டுத் தெளிக்கலாம் என்கிறார்.

முன்பு ஒரு நாள் நீ போனில் அவரிடம், "பச்சைன்னு சொல்லியாச்சுப்பா, அதையே சொல்லுங்க. இப்ப மாத்தினா நீங்கதான் மாட்டுவீங்க" என்றது எனக்கும் கேட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் நீ சொன்னால் அவர் கேட்டுவிடுவார். எனக்கு இப்போது பயமே அதுதான்.

புதன் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவார். விசாரணைப் பேச்சை எடுக்காதே. படம் எப்படி வந்திருக்கிறது என்று கேள். சிக்னல் என்ன நிறம் என்று, சின்ன வயதில் கேட்பாயே, அது மாதிரி கேள். அவர் சொன்னதும் நீ சத்தமாகத் திருப்பிச் சொல் கண்ணே.

மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ நன்றாக இரு.

உன் அம்மா