கட்டைவிரல் மறைக்கும் தூரம்

நேற்று பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாடகை ஒப்பந்தம் தொடர்பாகச் சென்றிருந்தேன். செக்கிங் மேசையில் ஒரு பெண், துணியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையறியாமல் நானும் வலக்கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினேன். சம்மதம் என்று எண்ணிய உரிமையாளர், ஒப்பந்தத்தை எடுத்துவந்து நீட்டினார்.

நீங்கள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வக்கீல் நோட்டீஸ் அல்லாத கடிதம் எழுதிப் பழக்கமில்லாததால், இது சற்று விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சட்ட ஆலோசகராக இருந்த பனியன் நிறுவனத்தில் நீங்கள் செக்கிங் மேற்பார்வையாளர். கைபேசியில் கேமரா அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பொங்கல் விடுமுறைக்கு நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில், காலையில் கோடியக்கரை, பிறகு வேளாங்கண்ணி. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சரணாலயத்துக்குள் போனோம். வெளிமான் கூட்டத்தைக் கண்டதும், இன்னும் கிட்டே விடச் சொல்லி எல்லோரும் டிரைவரை நெருக்கினார்கள். நீங்கள் மறுத்தீர்கள்.

“துணிப் பீஸைக் கைய நீட்டித்தான பாக்கோம்? அதே மாதிரிதான் சார். ஒரு கண்ண மூடிகிட்டு, கட்டவிரல மான் மேல வச்சிப் பாருங்க. விரலுக்குள்ள மறஞ்சா சரி. வெளிய தெரிஞ்சா நாம ரொம்பக் கிட்ட போயிட்டோம்னு அர்த்தம்.”

திரும்பும் வழியில் வேனை விட்டு இறங்கி நின்றபோது, பத்தடி தள்ளி, ஒரு புதரின் கீழ்ப் புல்லுக்குள் மான்குட்டி ஒன்று கழுத்தைத் தரையோடு தாழ்த்திப் படுத்திருப்பதை நான்தான் முதலில் கண்டேன். அது அசையவில்லை. கைவிடப்பட்டது என்று முடிவுசெய்தேன். அதை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்து, எழுத்துமூலம் ஒப்புகை பெறுவதே முறை என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன்.

“தொடாதிய சார்!”

என்னிடம் நீங்கள் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

“ஏனுங்க வக்கீலய்யா, மான்குட்டிக்கும் வக்காலத்துப் போட்டுட்டீங்களா?” என்று டிரைவர் சிரித்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. “அனாதயில்ல சார். தாய் இதப் படுக்க வச்சிட்டு மேயப் போயிருக்கும். எங்க வல்லநாட்டுப் பக்கம் ஆடு மேய்க்கையில இது மாதிரி எத்தன மான்குட்டி பாத்திருக்கேன். நாம போனாத்தான் அது வரும். வாங்க, கெளம்புவோம்.”

“வரலைன்னா என்னங்க பண்றது? தெரிஞ்சே உட்டுட்டுப் போனமாதிரி ஆயிராதுங்களா?” என்றேன். தாய் வந்ததைக் கண்ணால் காணாமல் நகரமாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஒருமுறை வேனைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, “சரி சார், பாத்துட்டே போவோம்” என்றீர்கள்.

அந்தப் புதர் கட்டைவிரலுக்குள் மறையும்வரை வேன் பின்னே சென்றது. எஞ்சினை நிறுத்தச் சொன்னீர்கள். முறுக்குப் பொட்டலத்தைச் சரசரவென்று பிரித்தவரிடமிருந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். கைக்கடிகாரத்தைப் பலமுறை பார்த்தீர்கள். தாய் வரும் நேரத்தைக் கணிக்கிறீர்கள் என்றே எண்ணினேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பெண்மான் வந்து, வேனைப் பார்த்து நின்று, திரும்பிப் போய்விட்டது. என் ஐயம் உறுதிப்பட்டதாகவே நினைத்தேன். மறுபடி வந்தது. குட்டி எழுந்து ஓடித் தாயின் வயிற்றடியில் முட்டியது. கைதட்டப்போனவர்களை நீங்கள் கையசைத்துத் தடுத்தீர்கள்.

“இப்பப் போலாமா சார்?” இவ்வளவுதான் கேட்டீர்கள்.

வேளாங்கண்ணியில் வேன் நிற்குமுன் இறங்கி ஓடினீர்கள். ஓடியதன் காரணத்தை டிரைவர் சொன்னார். “பதினோரு மணிப் பூசைங்க. மக பேருல எழுதி வெச்சிருந்தாரு. அடுத்த வாரம் புள்ளைக்கு ஆப்பரேசன். அதுக்குன்னேதான் இந்த டூருக்கே வந்தாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது. பூசை முடிந்து கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. நீங்கள் திரும்பி வந்தபோது விரல்களில் மெழுகு ஒட்டியிருந்தது. நான் சொல்ல முற்பட்டதை முடிக்கவிடவில்லை.

“திரி ஏத்திட்டேன் சார். நீங்க கேட்டதும் நியாயந்தான.”

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உங்கள் மகள் இப்போது நலமாக இருக்கிறார். வாரிசுச் சான்றிதழுக்கு அவர் என்னிடம்தான் வந்தார். ஆனால் விளைவு நல்லதாக அமைந்தது என்பதைக் கொண்டு என் பிழையைத் தள்ளுபடி செய்ய முடியாது. கிளம்புவோம் என்று நீங்கள் சொன்னதே அந்தக் குட்டிக்குப் போதுமானதாக இருந்தது. சாட்சியம் தேவைப்பட்டது எனக்கு மட்டும்தான்; அதற்கான நேரத்தைத் தந்தவர் நீங்கள்.

அன்று வேனில் நான் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இப்போது என் அலுவலகத்தில் எவரையும் காத்திருக்கச் சொல்லும் முன் அதைக் கேட்டுவிடுகிறேன்: “உங்களுக்கு வேற எங்கயாச்சும் போகோணுங்களா?”