இஸ்க்ரா கொண்டுபோன பால்

பிளோவ்திவ்,
மார்ச், ஞாயிறு காலை

அன்புள்ள இஸ்க்ரா,

நீ இத்தாலியில் பொலோனியாவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று என் கணவர் ஸ்தாமென் சொன்னார். நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? இங்கே இன்னும் குளிர் விடவில்லை. உன் போனை நான் எடுப்பதில்லை. உன் குரலைக் கேட்டால், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பஸ் ஏறிய மறுநாளே ராலிட்சாவுக்கு வயிறு வீங்கிவிட்டது. ஏழாம் மாதத்திலேயே வந்து, ஆஸ்பத்திரியிலேயே கிடக்கும் பிள்ளை. பாலை நிறுத்தி, டிரிப்ஸ் மட்டும் ஏற்றினார்கள். பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்று நீயும் என் மாமியாரும் போட்டிருந்த கட்டை மீறி, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படித்தவள் நான், அத்தனை நாள் ஏன் அடங்கி உட்கார்ந்திருந்தேன்? உன்னை நம்பியதால்தான் என்று நினைக்கிறேன்.

என் பாலில்தான் ஏதாவது கோளாறா என்று தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸிடம் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்க பால் ஒருநாளும் வரலையேம்மா. அக்காவுக்குச் சுரக்கவே இல்லைன்னு உங்க தங்கச்சிதான சொன்னாங்க? பவுடர் பால்தான் குடுத்தோம்" என்றாள்.

வலிக்க வலிக்கப் பம்பு வைத்து நான் எடுத்ததை, நீ துணி சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாய். திரும்பி வந்து, "மூக்குக் குழாய்ல விட விட உள்ள போகுதுக்கா. சரியான தீனிக்காரி, உன்னை மாதிரியே" என்பாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கமே வரும்.

ஸ்தாமெனுக்கும் தெரிந்திருக்கிறது. பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே உங்கள் இருவரிடமும் சொன்னாராம். பிள்ளை போய்விட்டால், என் பாலால்தான் போனது என்று நான் சாகும்வரை என்னையே அரித்துக்கொள்வேன் என நீ பயந்தாயாம். அப்படி ஆனால், என் பால் அவளுக்குள் போகவே இல்லை என்று அப்போது சொல்லிவிடலாம் என்றிருந்தாயாம். என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய். அதுதான் தாங்கவில்லை.

வீக்கம் எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஆனால் இவ்வளவு சின்ன உயிருக்குத் தாய்ப்பால்தான் காவல் என்றும் சொன்னார். எங்கே கொட்டினாய், இஸ்க்ரா? மரிட்சா ஆற்றுப் பாலத்திலிருந்தா? ஆஸ்பத்திரிக் கழிவறையிலா?

நேற்றிலிருந்து என் பாலை நானே கொண்டுபோகிறேன். துளித் துளியாகக் குழாயில் விடுகிறார்கள். இன்று காலை அவள் வயிறு மெத்தென்று இருந்தது. நாளை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாமல் போனால், அது நான் பட வேண்டியது. அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அங்கே கோயிலுக்குப் போனால் ராலிட்சாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக அவளை ஏந்தப்போவது நீதான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். இப்போது யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வேறு ஒருத்தியை நான் இன்னும் கேட்கவில்லை.

உன் அக்கா,
பிலியானா