பாலத்தின் இறக்கம்

2024 மே 6, திங்கள்

இமானுவேல் வந்திருந்தான். அவனுடைய ஃபைபர் படகின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. தங்கச்சிமடத்திலிருந்து மண்டபத்துக்குப் பழுதுபார்க்கக் கொண்டுபோக வேண்டுமாம். புதன்கிழமை என் ஜீப்பில் ட்ரெய்லரை மாட்டி இழுத்துத் தருவதாகச் சொன்னேன். நான் சவூதியில் லாரி ஓட்டிய வருடங்களில் வாரம் தவறாமல் என் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவன்.

மே 8, புதன். காலை

படகுக்குள் இஞ்சின், ஐஸ் பெட்டி, நங்கூரம், வலை எல்லாம் கிடக்கின்றன. இந்த ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. அப்படிப்பட்ட ட்ரெய்லர் என்றால் சரக்கோடு எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் கூடாது என்று ஜீப்பின் புத்தகத்திலேயே இருக்கிறது. வெறும் படகே அதைத் தாண்டும். "சாமானையாவது இறக்கிருவோம்" என்றேன். "எத்தன நட போறது, முஹைதீன் பாய்? மெதுவாப் போனாச் சரி" என்று சிரித்தான்.

சரி என்றேன். டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மே 9

இமானுவேல் இல்லை. தொழுகையில் அவனுக்காகத் துஆ கேட்க வாய் வரவில்லை.

மே 12, ஞாயிறு

ஜாமீனில் வீட்டுக்கு வந்தேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பாம்பன் பாலத்தின் உச்சியைத் தாண்டி மண்டபம் பக்கம் இறங்கும்போதுதான் — பிரேக்கை மிதிக்கிறேன், ஜீப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கிற பாரம் நிற்கவிடாமல் தள்ளுகிறது. இஞ்சின் படகின் பின்கோடியில் இருந்தது. அந்தப் பின்பாரத்தில் ட்ரெய்லரின் வால் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. பைக்கில் கூடவே வந்த இமானுவேல் பக்கத்தில் வந்து, மெதுவாக என்று கையைக் காட்டினான். ட்ரெய்லர் அவனை அடித்துக் கைப்பிடிச் சுவரோடு —

இழுக்க முடிகிற எடை வேறு, நிறுத்த முடிகிற எடை வேறு. சவூதிக்குப் புதிதாக வந்த எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இவன்ட்ட ஏன் சொல்லல? ஏன்டா சொல்லல நீ?

மே 15

படகையும் சாமானையும் ட்ரெய்லரோடு எடை போட்டிருக்கிறார்கள். 1,940 கிலோ.

மே 20, திங்கள்

என் மனைவி சல்மாவின் அண்ணன் சதக்கத்துல்லா வந்தார். "பிரேக் ஃபெயிலாயிருச்சுன்னு சொல்லுங்க மாப்ள. அந்த ஆளும் வண்டிய ஒட்டிக்கிட்டுல்ல வந்துருக்கான். ஊரே அப்படித்தான் பேசுது."

சல்மா சோறு போட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

மே 22

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரேக் நன்றாக இருந்தது. எடை கூடுதல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஓட்டினேன்.

மே 26, ஞாயிறு

இமானுவேலின் மனைவி ஜெசிந்தாவைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

"அவன் மேல தப்பு இல்லம்மா. எடை அதிகம்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது."

தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"தெரிஞ்ச நீங்க ஏண்ணே சரின்னீங்க?"

என்ன சொல்ல? அவன் சிரித்தான், மறுத்துப் பேச எனக்குச் சங்கடமாக இருந்தது என்றா?

"இனிமே இங்கன வராதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 14

லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள். முற்றத்தில் நிற்கிற ஜீப்பைச் சல்மா தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். "அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

கேஸுக்காக இராமநாதபுரம் போக வேண்டியிருந்தது. பாம்பனில் பஸ் ஏறினேன். நிற்கவே இடமில்லை. உள்ளே தள்ளிவிட்டார்கள். நிமிர்ந்தால் எனக்கு நேராக ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். இறங்கிவிடலாம் என்று திரும்பினேன், வழியில்லை. பஸ் பாலத்தில் ஏறிவிட்டது.

நான் கடல் பக்கம் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இறக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டபோது கையில் பையோடு தடுமாறினேன்.

"பையக் குடுங்கண்ணே."

முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். கொடுத்தேன். இராமநாதபுரம் வரும்வரை என் பை அவள் மடியில் இருந்தது.